பூஜ்யமும் விடைதான்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெருந்தகையே! ஒரே மேசையில் என்னோடு விடைத்தாள் திருத்திக் கண் சிவந்த ஆசிரியத் தோழர்களே! பெற்ற பிள்ளைகளை என் சிவப்புப் பேனாவை நம்பி அனுப்பிவைத்த தாய்மார்களே! கடைசி வரிசையில் கொட்டாவியை மறைக்கும் மாணவச் செல்வங்களே! இன்றோடு ஓய்வு பெறும் ஒரு கணக்கு வாத்தியார், கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

எனக்கு முன் பேசியவர்கள் என்னை நேர்மையின் சிகரம் என்றார்கள். கேட்கக் கூசியது. கைதட்டாதீர்கள் ஐயா, முழுவதும் கேட்டுவிட்டு முடிந்தால் தட்டுங்கள்.

சமன்பாடு என்றால் என்ன? இரு பக்கமும் ஒரே நீதி! இடப்பக்கம் கூட்டினால் வலப்பக்கமும் கூட்டு. இங்கே கழித்தால் அங்கேயும் கழி. இங்கே வகுத்தால் அங்கேயும் வகு. ஆனால், எதனால் வகுக்கிறாய் என்று ஒரு கணம் நின்று கேள்! பூஜ்யமாக இருக்கக்கூடிய ஒன்றால் வகுத்தால், உண்மையான விடை ஒன்று சத்தமில்லாமல் தொலைந்துபோகும். ஆகவே வந்த விடையை நம்பாதே, சமன்பாட்டில் போட்டுப் பார். இதை எத்தனை வகுப்பில் முழங்கியிருப்பேன்! எத்தனை கரும்பலகையில் எழுதியிருப்பேன்!

அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் ஒரே ஒரு பெண். தையல்காரரின் மகள். தோழிகள் அவளை 'ஆமை' என்பார்கள். ஒவ்வொரு விடையையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கணக்கைத் தொடுவாள். அதனால் எந்தத் தேர்வையும் அவள் முழுதாக எழுதி முடித்ததில்லை. செவிலியர் பயிற்சியில் அவளுக்கு இடம் காத்திருந்தது. இறுதித் தேர்வில் தேறினால் போதும்.

அந்தத் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று. எக்ஸ் வர்க்கம் சமம் ஐந்து எக்ஸ், எக்ஸ் எவ்வளவு? விடைக்குறிப்பு தயாரித்தவன் நான். அவசரத்தில் இரு பக்கத்தையும் எக்ஸால் வகுத்தேன். ஐந்து என்று எழுதினேன். போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. தொலைந்த விடையை எங்கே போய்ப் போட்டுப் பார்ப்பது?

அவள் இரண்டு விடை எழுதியிருந்தாள். ஐந்து, பூஜ்யம். இரண்டையும் போட்டுப் பார்த்தும் காட்டியிருந்தாள். குறிப்பில் ஒன்று, தாளில் இரண்டு. முழுக் கேள்வியையும் அடித்தேன். தேற வேண்டிய மதிப்பெண் முப்பத்தைந்து. அவளுக்குக் கிடைத்தது முப்பத்து நான்கு.

மறுபரிசீலனைக்கு ஒரு வாரம் உண்டு. மூன்றாம் நாள் ஆசிரியர் அறைக்கு அப்பாவோடு வந்தாள்.

"சார், பூஜ்யத்தப் போட்டுப் பாருங்க சார். ரெண்டு பக்கமும் பூஜ்யந்தான் வருது."

"குறிப்புல இல்லம்மா. நான் என்ன பண்ண முடியும்?"

"ஒரே ஒரு தடவ சார்..."

அப்பா அவள் தோளில் கை வைத்தார். "விடும்மா. சாருக்குத் தெரியாததா?"

அவர்கள் போன பிறகு போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பூஜ்யம். இன்னும் நான்கு நாள் மிச்சம் இருந்தது! ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும். ஏன் எழுதவில்லை? தலைமை ஆசிரியர் பதவிக்கு என் பெயர் போயிருந்த நேரம் அது. பதவி எனக்கு வந்தது, பயிற்சி இடம் வேறொருத்திக்குப் போனது. என் நேர்மையின் லட்சணம் இதுதான் தோழர்களே!

என்ன, இப்போது யாரும் தட்டவில்லையே?

பதினாறு ஆண்டுகள் கழித்து, சென்ற மாதம் அவளைத் தேடிப் போனேன். மருத்துவமனையில்தான் இருக்கிறாள். செவிலியாக அல்ல, கீழ்த்தளத்துச் சலவைப் பிரிவில், நோயாளிகளின் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். நீராவிக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உன் விடை சரி, அது அன்றே எனக்குத் தெரியும் என்றேன். மன்னிப்பாள் என்று எதிர்பார்த்துப் போனேன். இல்லையென்றால் திட்டுவாள் என்று நினைத்தேன்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"என் விடை சரின்னு எனக்கு எப்பவுமே தெரியும் சார். ஆனா, பாவம், சாருக்குத் தெரியலன்னுதான் இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன். அதனால உங்க மேல எனக்குக் கோவமே வந்ததில்ல."

அவ்வளவுதான். அடுத்த விரிப்பை எடுத்துக்கொண்டாள்.

தலைவர் அவர்களே, மேசைமேல் இருக்கும் பாராட்டுப் பத்திரத்தைத் தயவுசெய்து வாசிக்க வேண்டாம். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே முப்பத்தாறு என்று திருத்தக் கோரி, என் தவற்றை எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். அதைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதனால் அவளுக்கு இனி எந்த இடமும் கிடைக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. தாய்மார்களே, இனி நான் உங்கள் பிள்ளைகளின் விடைத்தாளைத் தொடமாட்டேன். வணக்கம்.