மூட்டையில் ஒரே ஒரு நெல்மணி

திருவையாறு–தஞ்சாவூர் பேருந்தில் எனக்கு முன்னால் ஓர் அரிசி ஆலைக்காரரும், அவருடைய அரிசி மூட்டைக்குப் படம் வரைந்த பெண்ணும் அச்சகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, மூட்டையிலேருந்து உங்க அப்பா போட்டோவ தூக்கிட்டேன்."

"லட்சுமி படம்?"

"லட்சுமியையும். மாட்டையும். வெள்ளையில ஒரே ஒரு நெல்மணி."

"அப்பா மூஞ்சி இல்லாத மூட்டைய எவன்மா வாங்குவான்?"

"ஜப்பான்ல போஸ்டர் வரையற ஒரு அம்மா இருந்தாங்கண்ணே. ஆம்பளைங்க மட்டுமே போஸ்டர் வரைஞ்ச காலம். முதலாளிங்க அதையும் சேத்துக்கோ, இதையும் சேத்துக்கோன்னாங்க. சேக்கவே இல்ல. இன்னைக்கு அவங்க போஸ்டர் மியூசியத்துல தொங்குது."

"அது ஜப்பான். முடியாதுன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

"பாருங்க. என் நெல்மணி என்கூட வந்துரும்."

அச்சகத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே அவள் படம் இருந்த பென்டிரைவோடு இறங்கினாள். அவரும் அவசரமாகப் பின்னாலேயே இறங்கினார்.

"அப்பா மீசைய மட்டுமாவது போடும்மா!"

"மீசையும் கிடையாதுண்ணே."