சுவருக்கு இந்தப் பக்கத்துச் சாட்சி

குருவம்மாள்: ...அது சரி கொழுந்தனாரே, சாட்சி சொல்ல நான் எதுக்கு? உங்க சர்ச்சுல ஆளா இல்ல?

வேதமாணிக்கம்: சர்ச் ஆளுங்க சொன்னா செல்லாது மதினி. புது பாஸ்டர் அப்படிச் சட்டம் போட்டுட்டாரு. சபைக்கு மூப்பரா வரப்போறவன் நெசமாவே கிறிஸ்தவனா வாழுதானான்னு, வேற சாமி கும்பிடுற பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டதான் விசாரிப்பாராம். வெளியாளு சாட்சி.

குருவம்மாள்: வெளியாளு...

வேதமாணிக்கம்: ஒரு பேச்சுக்குச் சொல்லுதது...

குருவம்மாள்: நான் இந்தப் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே லயத்து வரிசை வீடு, ஒரே சுவரு. அந்தச் சுவரும் மேல போயி கூரைத் தகரத்தைத் தொடல. நீங்க அங்க தும்முனா நான் இங்க நூறு வயசுங்கேன். நான் வெளியாளு.

வேதமாணிக்கம்: அதான் உங்க பேரைக் கொடுத்தேன். என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு.

குருவம்மாள்: தெரியும்னு தெரிஞ்சுமா கொடுத்தீங்க. தைரியந்தான்.

வேதமாணிக்கம்: பாஸ்டர்... இன்னும் இந்தப் பக்கம் வரலையே?

குருவம்மாள்: வந்தா ஊரு பாக்காமலா இருக்கும். உக்காருங்க. அந்த ஸ்டூல்ல வேண்டாம், காலு ஆடும். எந்திரிச்சு வேற போட என்னால முடியாது. தேனி ஆஸ்பத்திரியில தொடைக்குள்ள கம்பி வச்சு அனுப்பியிருக்கான், நடந்தா எனக்கே சத்தம் கேக்கு.

வேதமாணிக்கம்: வலி எப்படி?

குருவம்மாள்: வலி இருக்கட்டும். பாஸ்டர் வந்தா நான் என்ன சொல்லணும், அதைச் சொல்லுங்க.

வேதமாணிக்கம்: நீங்க பாத்ததைச் சொன்னாப் போதும் மதினி. இப்ப... எங்க வாசக்கதவுல ஸ்டிக்கர் ஒட்டியிருக்குல்ல? இயேசுவே இந்த வீட்டின் தலைவர்னு.

குருவம்மாள்: போன மழையில முன்பாதி கிழிஞ்சுபோச்சே. இப்ப இந்த வீட்டின் தலைவர்ங்கது மட்டுந்தான் நிக்குது. அதுக்கு நேர் கீழ உங்க செருப்பு. ஓட்டு கேட்டு வந்தவங்க அதை வாசிச்சுட்டு உங்களை ஏதோ கட்சித் தலைவருன்னு நெனச்சுக் கும்பிட்டுட்டுப் போனாங்க. நீங்களும் பதிலுக்குக் கும்பிட்டீங்க.

வேதமாணிக்கம்: கும்பிட்டவங்களைத் திருப்பிக் கும்பிடாம என்ன செய்ய... சரி, அதை விடுங்க. கிறிஸ்மஸ் நட்சத்திரம்?

குருவம்மாள்: தொங்குச்சு. எங்க மாரியம்மன் பொங்கல் வரைக்கும் தொங்குச்சு. அம்மனுக்கு நீங்களும் சேந்து லைட்டு போட்டிருக்கீங்கன்னு பூசாரி சந்தோசப்பட்டாரு.

வேதமாணிக்கம்: இதைப் போயி பாஸ்டர்கிட்ட சொல்லிராதீங்க.

குருவம்மாள்: வேற?

வேதமாணிக்கம்: தினமும் காலையில வாட்ஸாப்புல வசனம் வைக்கேன். நீங்களும் பாக்கீங்க. பேரு காட்டுது.

குருவம்மாள்: பாக்கேனே. சூரியன், புறா, ரோசாப்பூ. அதைத் தள்ளுனா அடுத்த படம், நாட்டுச்சேவல் விலைக்கு உண்டு. ஒருநாளு கைதவறிப் படம் மாறி, சேவல் மேல வசனம் விழுந்து கிடந்துச்சு. சேவலு ரொம்ப பக்தியாத்தான் நின்னுச்சு.

வேதமாணிக்கம்: வித்துருச்சுல்ல அது.

குருவம்மாள்: வசனத்துக்காக வாங்குனானோ என்னவோ.

வேதமாணிக்கம்: மதினி, நீங்க கேலிக்கே நிப்பீங்க. ஜெபம் பண்ணுதேன்ல? விடிஞ்சதும். அது உங்க காதுல விழுதுல்ல?

குருவம்மாள்: என் காதுல மட்டுமா? கீழ லயத்துக்கே விழுது. ஆண்டவரே, இந்த எஸ்டேட்டை ஆசீர்வதியும், மேனேஜர் மனசைத் தொடும்... நல்லாத்தான் போகும். திடீர்னு, ஏ பாக்கியம், பால் பொங்குது, கண்ணு எங்க இருக்குன்னு ஒரு கத்து. அப்புறம் ஆமென். அந்த ஆமென் எதுக்குச் சேத்தின்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கல.

வேதமாணிக்கம்: கோவம் கொஞ்சம் உண்டு எனக்கு. ஒத்துக்கிடுதேன்.

குருவம்மாள்: கொஞ்சம். பைப்புத் தண்ணிக்கு எங்க கற்பகத்துகூட நின்னீங்களே ஒரு நிப்பு. அந்த வார்த்தையெல்லாம் உங்க வேதத்துல எந்தப் பக்கம்னு அவ இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கா.

வேதமாணிக்கம்: கற்பகம்... உங்ககிட்ட வேற ஏதும் சொன்னாளா?

குருவம்மாள்: என் அண்ணன் மக எங்கிட்ட ஆயிரம் சொல்லுவா. எதைக் கேக்கீங்க?

வேதமாணிக்கம்: இல்ல... சும்மா.

குருவம்மாள்: தண்ணிக்குச் சண்டை போட்டாலும் நல்ல பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அவகிட்டதானே வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். உங்க அண்ணாச்சி கண்ணை மூடி வருசம் திரும்புற தலைத்திவசம் வரைக்கும் அந்தி விளக்கு விட்டுப்போகக் கூடாதுல்ல. அந்த மனுசன் போற வழிக்கு அதான் வெளிச்சம். நான் காலை நீட்டிக் கிடந்தாலும் அவ ஏத்துவாங்கிற தெம்புலதான் கிடந்தேன்.

வேதமாணிக்கம்: ஏத்துனா. ஏத்துனா. ஒருநாளும் விடல.

குருவம்மாள்: நீங்க பாத்தீங்களா?

வேதமாணிக்கம்: சுவருக்கு மேல... வெளிச்சம் தெரிஞ்சுதே.

குருவம்மாள்: ம்.

வேதமாணிக்கம்: அந்த விளக்கு பத்தி பாஸ்டர் ஏதாவது சொன்னாருன்னா, நீங்க காதுலயே வாங்கிக்கிடாதீங்க மதினி. ஒண்ணும் தெரியாதுன்னு பேச்சை முடிச்சிருங்க.

குருவம்மாள்: என் புருசன் படத்துக்கு ஏத்துற விளக்கு. உங்க பாஸ்டருக்கு அதுல என்ன பேச்சு?

வேதமாணிக்கம்: அவரு படிச்சவரு. எதையாவது பேசுவாரு.

குருவம்மாள்: கொழுந்தனாரே... இந்தப் பக்கம் பாருங்க. தரையில என்ன இருக்கு. அண்ணாச்சி படத்துக்குக் கீழ பாருங்க. என்ன அது?

வேதமாணிக்கம்: பலகை.

குருவம்மாள்: பலகையில?

வேதமாணிக்கம்: எண்ணெய்ப் பிசுக்கா இருக்கும்.

குருவம்மாள்: எண்ணெயைச் சுரண்டுனா நகத்துல வெள்ளையா வருமா? மெழுகு. எங்க சனத்துல எவ அந்தி விளக்குக்கு மெழுகுவர்த்தி வைப்பா? வந்த அன்னிக்கே பாத்துட்டேன். நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு இருந்தேன்.

வேதமாணிக்கம்: திரி நிக்கல மதினி. பஞ்சைத் திரிச்சுப் போட்டேன், முங்கிப்போச்சு. திரும்பப் போட்டேன், திரும்ப முங்கிப்போச்சு. அதுக்கு ஒரு கைப்பக்குவம் இருக்கு போல. வீட்டுல கிறிஸ்மஸுக்கு வாங்குன மெழுகுவர்த்தி மிச்சம் கிடந்துச்சு...

குருவம்மாள்: சாவி எப்படி உங்க கைக்கு வந்துச்சு?

வேதமாணிக்கம்: கற்பகத்தோட பிள்ளைக்கு டெங்குன்னு போடிக்குத் தூக்கிட்டு ஓடுனா. போற ஓட்டத்துல, பாக்கியம் அக்காகிட்ட கொடுத்திருங்கன்னு சாவியை எறிஞ்சுட்டுப் போனா. பாக்கியம் எங்க இருக்கா? மக பிரசவத்துக்குச் சிவகாசி போயிட்டா. வீட்டுல நான் ஒருத்தன். பொழுது வேற சாஞ்சுக்கிட்டு வருது.

குருவம்மாள்: கீழ லயத்துல யாரையாவது கூப்பிட்டிருக்கலாம்ல.

வேதமாணிக்கம்: கூப்பிட்டா, கற்பகம் விட்டுட்டுப் போயிட்டான்னு அன்னிக்கே உங்க ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குச் செய்தி வந்திருக்கும். நீங்க கம்பியைப் பிடுங்கிப் போட்டுட்டு பஸ் ஏறியிருப்பீங்க.

குருவம்மாள்: ஏறியிருப்பேன்தான்.

வேதமாணிக்கம்: கண்ணை மூடிக்கிட்டுத்தான் ஏத்துனேன்.

குருவம்மாள்: அண்ணாச்சியைப் பாக்கவா பயம்?

வேதமாணிக்கம்: பக்கத்துல உங்க மாரியம்மா படம் இருக்குல்லா. அதைப் பாத்து ஏத்துன மாதிரி ஆயிரக் கூடாதேன்னு. விரலைச் சுட்டுக்கிட்டேன். பிறகு ஒத்தைக் கண்ணைத் திறந்து ஏத்துனேன்.

குருவம்மாள்: எந்தக் கண்ணை?

வேதமாணிக்கம்: அண்ணாச்சி பக்கத்துக் கண்ணை.

குருவம்மாள்: ...சிரிக்க வைக்காதீங்க, தொடை வலிக்கு. அணைக்கையில என்ன செஞ்சீங்க? வாயால ஊதுனீங்களா?

வேதமாணிக்கம்: ஊதக்கூடாதுன்னு அண்ணாச்சி எப்பவோ சொன்னது ஞாபகம் இருந்துச்சு. அப்படியே விட்டுட்டுப் போகவும் பயம், பலகையில தீப்பிடிச்சிட்டா? அதனால அது உருகி முடியுற வரைக்கும் உக்காந்திருப்பேன்.

குருவம்மாள்: தினமுமா?

வேதமாணிக்கம்: வீட்டுல போயி யாரு முகத்தைப் பாக்க.

குருவம்மாள்: உக்காந்து ஜெபமா? உங்க சத்தத்துக்கு அவரு படத்தை விட்டே எந்திரிச்சிருப்பாரு.

வேதமாணிக்கம்: ஜெபம் பண்ணல. உங்க வீடு. உங்ககிட்ட கேக்காம இங்க வச்சு அதைப் பண்ணுறது சரியில்லன்னு தோணுச்சு. சும்மா அவருகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். மழை விடல, பச்சைத்தேயிலைக்கு விலை இல்ல, மதினிக்கு டாக்டரு வர்ற வாரம் தையல் பிரிக்காராம்... இப்படி.

குருவம்மாள்: கற்பகம் எப்ப வந்தா?

வேதமாணிக்கம்: நீங்க வர்றதுக்கு முந்தின வாரம். வந்ததும் அழுதா. அத்தைகிட்ட சொல்லிராதீங்கன்னு கையைப் பிடிச்சா. பைப்புல சண்டை போட்ட பிள்ளைதானே, பாவமா இருந்துச்சு.

குருவம்மாள்: இது உங்க சபைக்குத் தெரிஞ்சா மூப்பர் கிடையாது. அப்படித்தானே?

வேதமாணிக்கம்: மாரியம்மா படத்து முன்னால விளக்கேத்துனவனை எப்படி மூப்பராக்குவாங்க.

குருவம்மாள்: ஒத்தைக் கண்ணுதான்னு சொன்னா பாதி மூப்பராவது தர மாட்டாங்களா?

வேதமாணிக்கம்: விளையாடாதீங்க மதினி.

குருவம்மாள்: எத்தனை வருசமா ஆசைப்படுறீங்க அதுக்கு. அங்கி மாதிரி வெள்ளைச் சட்டை தச்சு வச்சிருக்கீங்கன்னு பாக்கியம் சொல்லியிருக்கா. முன் பெஞ்சுல உக்காருததுக்குக் கண்ணாடி முன்னால நடந்து பாத்தீங்களாமே.

வேதமாணிக்கம்: அவளுக்கு வாய் நிக்காது.

குருவம்மாள்: கேளுங்க. உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன். உங்க பாஸ்டர் காலையிலயே வந்துட்டுப் போயிட்டாரு.

வேதமாணிக்கம்: ...வந்தாரா?

குருவம்மாள்: வேலைக்குப் பேர் கொடுக்க மஸ்டருக்கு எல்லாரும் போன பிறகு. ஆடாத நாற்காலி கேட்டாரு, இல்லன்னதும் நின்னாரு. தொண்டையைச் செருமுனாரு, ஏதோ ஹைகோர்ட்டு மாதிரி. வேதமாணிக்கம் எப்போதாவது உங்கள் இல்லத்தில் உங்கள் தெய்வத்தின் முன் விளக்கு ஏற்றியது உண்டா, அப்படின்னு அச்சடிச்ச தமிழ்ல கேட்டாரு. இந்தக் கற்பகம் எங்கயோ உளறியிருக்கான்னு நெனச்சேன்.

வேதமாணிக்கம்: நீங்க என்ன சொன்னீங்க?

குருவம்மாள்: அந்த மனுசன் என் வாசப்படியை மிதிச்சதே இல்லன்னு, மாரியம்மா படத்துல கையை வச்சு சத்தியம் பண்ணிட்டேன்.

வேதமாணிக்கம்: பொய்ச் சத்தியமா? உங்க சாமி மேலயா? எனக்காக ஏன் மதினி...

குருவம்மாள்: அவளும்தானே தினமும் உங்களைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. அவளுக்குத் தெரியாதா. ஒரு குடம் கூழு ஊத்தி நான் சரிக்கட்டிக்கிடுதேன்.

வேதமாணிக்கம்: அவரு என்ன சொன்னாரு?

குருவம்மாள்: கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. அண்ணாச்சி படத்தையே கொஞ்ச நேரம் பாத்தாரு. அந்தப் பலகையை நகத்தால லேசாச் சுரண்டுனாரு. அப்புறம் நல்ல தமிழை விட்டுட்டு, கால் வலி எப்படிம்மா இருக்குன்னு கேட்டாரு. போயிட்டாரு. விளக்கைப் பத்தி வாய் திறக்காதீங்கன்னு இவ்வளவு நேரம் கெஞ்சுனது அந்தப் பதவிக்குத்தானே? அது எங்கயும் போகாது, வெள்ளைச் சட்டையைத் தேச்சு வைங்க.

வேதமாணிக்கம்: அது போன ஞாயித்துக்கிழமையே போச்சு மதினி. நானே பாஸ்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லி, என் பேரை எடுத்திருங்கன்னுட்டேன். அவரு நம்பல. பொறுப்புக்குப் பயந்து சாக்குச் சொல்லுறீங்க, பக்கத்து வீட்டுல கேட்டுட்டுத்தான் எடுப்பேன்னாரு. அதான் அவருக்கு முந்தி உங்களைப் பாத்திரணும்னு ஓடியாந்தேன், ஸ்டிக்கரு, வசனம்னு பேசுனதெல்லாம் ஒரு சாக்கு... திரி நிக்காம மெழுகுவர்த்தி வச்சதும், வச்சவன் நானுங்கதும் தெரிஞ்சா, அந்த மனுசன் இருட்டுல நிக்காரேன்னு நீங்க தூக்கம் இல்லாமக் கிடப்பீங்களேன்னுதான் பயம். எனக்கு உங்க முறையெல்லாம் தெரியாது மதினி... அண்ணாச்சிக்கு வெளிச்சம் போயிச் சேந்திருக்கும்லா?