மஞ்சள் கோட்டுக்குள் இருந்தவர் யார்?

அவைக்குத் தலைமை தாங்கும் நூலகத் தலைவி ஸ்டெய்ன்வோர் அவர்களே, கடலோடு மல்லுக்கட்டிக் கரைசேர்ந்த பெரியோர்களே, கொட்டும் பனியிலும் குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, மீன் ஆலையில் என்னோடு தோளுரசி நிற்கும் தோழர்களே, வணக்கம்!

நான் பேச வந்தது 'மஞ்சள் கோட்டு' என்னும் துப்பறியும் நாவலைப் பற்றி. "முடிவச் சொல்லிடாதம்மா" என்கிறார் பின்வரிசைக்காரர். ஐயா, ஆறு மாதமாக நூலகத்தில் இருக்கிறது புத்தகம். படிக்காதது உங்கள் குற்றம். சொல்வது என் கடமை!

நம் ஊரைப் போலவே ஓர் ஐஸ்லாந்துத் துறைமுகம். ஊருக்கிருந்த ஒரே மீட்புப் படகை யாரோ ரகசியமாக எடுத்துப் போய், திரும்பி வந்து சரியாகக் கட்டாமல் விட, அது பாறையில் மோதி உடைகிறது. பதின்மூன்று வயது ஹால்பெரா சாட்சி சொல்கிறாள். மழையில், முதுகுப் பக்கமாக, அவ்வூர் மீன் ஆலையின் மஞ்சள் கோட்டைப் பார்த்தாளாம். அது ஆலையில் வேலை செய்யும் போலந்துக்காரர் வீட்டோல்டுதானாம். ஊர் நம்பியது. ஏன் நம்பியது? சாட்சி வலுவானது என்பதாலா? இல்லை, வந்தேறியைச் சந்தேகிப்பது வசதியானது என்பதால்! வீட்டோல்டின் வேலை போயிற்று.

கோட்டைத் திருப்பிக் கொடுக்க அவர் ஆலைக்கு வந்த நாளில் ஹால்பெராவும் அங்கே இருந்தாள். நெடிய மனிதர், கோட்டு இடுப்பைத்தான் எட்டியது. அவள் பார்த்த கோட்டோ முழங்காலைத் தொட்டது. ஆலையில் எல்லாருக்கும் ஒரே அளவுக் கோட்டு. அப்படியானால் படகை எடுத்தவர் குள்ளமானவர். ஆலையில் அவ்வளவு குள்ளமானவர் ஒரே ஒருவர், அவளுடைய தாய்மாமன் தோர்கில்ஸ்!

வாயை மூடிக்கொண்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? ஆனால் அவள் நேராக வீட்டோல்டிடம் போனாள்.

"நான் பாத்தது கோட்டத்தான். ஆளு நீங்கன்னு நானா முடிவு பண்ணிட்டேன். தப்பு என்னோடது."

"என்கிட்ட சொன்னாப் பத்தாது பொண்ணு, ஊர்கிட்ட சொல்லு" என்றார் அவர்.

பிறகு மாமனிடம் போனாள். "நாளைக்கு ஊர்க் கூட்டத்துல சொல்லப்போறேன் மாமா. நீங்களே முந்திக்கிட்டா எனக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்."

மறுநாள் கூட்டத்தில் அவள் பேச எழுவதற்கு முன்பே தோர்கில்ஸ் எழுந்தார். ஆசைக்கு மீன்பிடிக்கப் படகை எடுத்ததாக ஒப்புக்கொண்டார். அடுத்த வாரம் வீட்டோல்டு வேலைக்குத் திரும்பினார். படகைச் செப்பனிட முதல் பலகையைத் தூக்கி வந்தவர் தோர்கில்ஸ்.

பிறர் பொய்யைக் கண்டுபிடிப்பதா பேரறிவு? தன் பிழையைக் கண்டுபிடிப்பதல்லவா பேரறிவு! பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் போலந்திலிருந்து இதே துறைமுகத்தில் வந்திறங்கியவள் நான். அன்று என்னைத் தவறாக எண்ணியதாகப் பின்னாளில் என் வாசலுக்கே வந்து சொன்னவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களால்தான் இது என் ஊர்.

செவிகொடுத்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி, அனைவருக்கும் வணக்கம்.