ஆக்டேவ் உருவாத கைக்குட்டை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் போதகர் ஹெசக்கியா அவர்களே! வெள்ளுடையும் வெண்கையுறையுமாய் முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! நியூ ஆர்லியன்ஸின் பெரியோர்களே! சவ ஊர்வலத்தில் ஆட வாசலிலே குடையும் குழலுமாய்க் காத்திருக்கும் தோழர்களே! ஜாஸ் டிரம்மர் ஆக்டேவ் ரோஷானின் ஒரே மகள் எஸ்டெல்லே! வணக்கம்.

சவப்பெட்டிக்குள்ளே ஆக்டேவ், பேச வந்தவன் அவனோடு ட்ரம்பெட் ஊதிய கில்பர்ட். இன்று காலை அவன் டிரம்மைத் துடைக்கக் கவிழ்த்தேன். அதிர்ந்தேன்! அடித்தோலுக்கும் எஃகுக் கம்பிகளுக்கும் நடுவே அவன் மனைவி லூசிலின் நீலக் கைக்குட்டை!

ஆம் தாய்மார்களே, லூசிலின் சவ ஊர்வலத்தன்று அவன் செருகிய அதே கைக்குட்டை!

கல்லறைக்குப் போகும்போது துணி செருகி டிரம்மின் வாயை அடைப்போம். உடலை மண்ணுக்குக் கொடுத்ததும் உருவுவோம். டிரம் முழங்கும், தெருவே ஆடும், போனவருக்கு விடுதலை. லூசிலை அடக்கம் செய்த அன்று தெருவே ஆக்டேவைப் பார்த்து நின்றது.

"உருவுப்பா, ஜனம் காத்துக் கெடக்கு" என்றேன்.

"அவ வேகவச்ச பீன்ஸ் இன்னும் சட்டியிலேயே கெடக்கு. அதுக்குள்ள என்னடா ஆட்டம்?" என்றான்.

ஆடாமல் கலைந்த கூட்டத்தை இந்த ஊர் அதற்குமுன் கண்டதுண்டா?

அதன் பிறகுதான் புகழ்! நியூயார்க் அழைத்தது, பாரிஸ் அழைத்தது. அந்த அடங்கிய ஒலியைப் பத்திரிகைகள் புதுமை என்றன. புதுமையா அது? கைவண்ணமா அது? கண்ணீர் ஐயா, கண்ணீர்! டிரம்மை யாரையும் தொட விடமாட்டான். 'கஞ்சப் பய' என்று கேலி செய்தோம். மேடைக்கு மேடை மனைவியின் சவ ஊர்வலத்திலேயே நடந்துகொண்டிருந்தானே, பாவி!

என்னம்மா கேட்கிறீர்கள்? இன்று என்ன செய்வதென்றா? காலையில் எஸ்டெல் என் கையைத் தட்டிவிட்டாள். "தொடாதீங்க மாமா! அப்பாவே எடுக்கல, நீங்க யாரு?"

நியாயம்தான். ஆனால் மகளே, அந்தத் துணி இருக்கும்வரை உன் தாய்க்கும் விடுதலை இல்லை, தந்தைக்கும் இல்லை. உருவும் உரிமை உனக்கு மட்டுமே. இதோ டிரம்!

அமைதி, அமைதி! எழுந்துவிட்டாள். என்னம்மா சொன்னாய்?

"இங்க வேண்டாம் மாமா, கல்லறை வாசல்ல. ரெண்டு பேரையும் சேர்த்தே அனுப்பிடுவோம். குச்சியக் குடுங்க."

கேட்டீர்களா? குச்சியைக் கேட்கிறாள்! தூக்குங்கள் பெட்டியை! இதுவரை கேட்ட செவிகளுக்கு நன்றி; இனி ஆடப்போகும் கால்களுக்கு என் வணக்கம்!