ரோடு பக்கம், மணல் பக்கம்

என் எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும். கோடு போட்ட தாள் கொடுத்திருந்தால் அடக்கி எழுதியிருப்பேன். வெள்ளைத் தாளில் வரி போகப் போகக் கீழே சரிந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா.

நேற்று உங்கள் எழுத்தர், "நீங்க சொல்லுங்க பெரியவரே, நான் எழுதிக்கிறேன்" என்றார். நல்ல மனிதர், டீ கூட வாங்கிக் கொடுத்தார். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். எனக்காக மற்றவர்கள் எழுதியது போதும்.

நான் ஜீப் பட்டறையில் வயரிங் வேலை செய்கிறவன். இருபத்தாறு வருஷம் ஆகிறது. எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் லீவு நாளில் மணல்மேட்டிலும் சேற்றிலும் வண்டி ஓட்டுகிற ஆசைக்காரர்கள். இப்போது வருகிற வண்டிகளில் ஒரு கருவி இருக்கிறது. வளைவில் வண்டி வழுக்கப் போவது ஓட்டுகிறவருக்குத் தெரிவதற்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடும். தானே ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து, இன்ஜினை அடக்கி, வண்டியை நேர்ப்படுத்திவிடும். ரோட்டில் அது தெய்வம். மணலில் அதுவே சனியன். சக்கரம் சுற்றினால்தான் மணலை விட்டு வெளியே வரலாம், அது சுற்றவே விடாது. கம்பெனி வைத்த பொத்தானை அமுக்கினால் பாதி அடங்கும். கொஞ்சம் வேகம் எடுத்தால் மறுபடி தலையைத் தூக்கும். அதனால் முழுசாக அணைக்கத் தனி சுவிட்ச் கேட்டு வருவார்கள். அதைப் போட்டுக் கொடுப்பவன் நான். முப்பத்து நான்கு வண்டிக்குப் போட்டிருக்கிறேன். முப்பத்து மூன்று வண்டி இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது.

என் வேலைக்கு ஒரு முறை உண்டு. சுவிட்சோடு ஒரு ரிலே வைப்பேன். வண்டியை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் செய்தால் கருவி தானாக உயிர் பெற்றுவிடும். மணலில் நாள் முழுக்க ஆடிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவன் சுவிட்சை மறப்பான். அவன் மறந்தாலும் ரிலே மறக்காது. கருவி அணைந்திருக்கும்போது மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். யார் கெஞ்சினாலும் அதை மறைக்க மாட்டேன். இதை முதலாளியே வந்து சொல்வார்.

என் தங்கை புருஷன் அதே பட்டறையில் முன்மேசையில் இருக்கிறார். வண்டி வாங்கி வேலைச்சீட்டு எழுதுகிறவர். முறைப்படி நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் எல்லாவற்றையும் அவர்தான் படித்துச் சொன்னார். வேலைச்சீட்டு, மருந்துச்சீட்டு, வீட்டு வாடகைக் கடிதம் எல்லாம். பதினொரு வருஷம் அவர் கண்ணால்தான் நான் உலகத்தைப் பார்த்தேன். பட்டறையில் தகர வேலை செய்கிற டிங்கர் எனக்கு வைத்த பெயர் கைநாட்டு. "கைநாட்டு, டீ வந்துருச்சு." "கைநாட்டு, உன் பேரு பேப்பர்ல வந்திருக்கு பாரு." எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சேர்ந்து சிரித்துவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும்.

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவள் என் தங்கை. அவள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகளை அடுக்குகிற அறையில் வேலை பார்த்தாள். அவளுக்கு வண்டி ஓட்டப் பழக ஆசை. மாப்பிள்ளைக்குப் பொறுமை கிடையாது, கத்துவார். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பேச்சு வந்தது.

"அண்ணே, நீ எனக்கு வண்டி சொல்லிக் குடு. நான் உனக்கு எழுத்து சொல்லிக் குடுக்குறேன்."

"இந்த வயசுலயா? என் எழுத்தை யார் படிக்கிறது?"

"டாக்டருங்க எழுத்தையே படிக்கிறவ நான். உன் எழுத்தைப் படிக்க மாட்டேனா?"

எட்டு மாதம். சாயங்காலம் அவள் வீட்டுச் சமையலறை மேசையில் நான் அவளுக்கு மாணவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையின் பின்முற்றத்தில் அவள் எனக்கு மாணவி. நான் 'ழ' எழுதினால் வால் எங்கேயோ போகும். அவள் வளைவில் திரும்பும்போது பாதியில் பிரேக்கை மிதிப்பாள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறை, உள்ளே போனபின் மிதிக்காதே என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். பயந்தால் அவள் கால் தானாக அங்கே போய்விடும். என் 'ழ' சரியாகிவிட்டது. அவள் பிரேக் சரியாகவில்லை.

படிக்கத் தெரிந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். பெயர்ப்பலகை, ஆயில் டப்பா, பஸ்ஸில் ஒட்டிய நோட்டீஸ். ஒரு மதியம் முன்மேசை காலியாக இருந்தது. மேலே மறுவேலை நோட்டு கிடந்தது. பட்டறையிலிருந்து போன வண்டி பழுதென்று திரும்பி வந்தால், யார் கையால் வந்த தவறு என்று அதில் எழுதுவார்கள். எழுதுகிறவர் மாப்பிள்ளை. நாங்கள் கீழே கையெழுத்து வைப்போம், நான் பெருவிரல் வைப்பேன். "வண்டி வெளிய போயிருச்சுன்னு ஒரு அடையாளம், அவ்வளவுதான் மச்சான்" என்று அவர் சொல்லியிருந்தார்.

விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். இரண்டு பக்கம் முடிக்க மதியம் முழுதும் ஆயிற்று. மறுநாளும் படித்தேன், அதற்கு மறுநாளும். மொத்தம் நாற்பத்தொரு இடத்தில் என் பெருவிரல் இருந்தது. அதில் என் தவறு என்று நான் ஒப்புக்கொள்ளக்கூடியவை ஆறு. மீதியெல்லாம் அவர் ஓட்டிப் பார்க்காமல் வெளியே விட்ட வண்டிகள், மாற்றி எழுதிய சீட்டுகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரே வாக்கியம்: "வயரிங்காரருக்கு எழுத்தறிவு இல்லாமையால் நேர்ந்த தவறு." ஒரு சமயம் ஒரு வண்டியில் பிரேக் விளக்கு எரியாமல் பின்னால் லாரி இடித்தது. அதற்காக முதலாளி என்னை ஒன்றரை வருஷம் வண்டி கழுவுகிற இடத்துக்கு அனுப்பினார். தண்ணீரில் நின்று நின்று கால் விரலிடுக்கெல்லாம் புண். அந்த வண்டியை நான் தொட்டதுகூட இல்லை. அதற்கும் என் பெருவிரல் அழகாக விழுந்திருந்தது, ஒரு ரேகைகூடக் கலையாமல்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் வீட்டில் சண்டை வரும், தங்கை குடும்பம் குலையும். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். இதை நீங்கள் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த மாதக் கடைசியில் மாப்பிள்ளை பழைய ஜீப் ஒன்று வாங்கினார். உயரம் கூட்டியது, மணலுக்கான பெரிய டயர் மாட்டியது. சுவிட்ச் வேண்டும் என்றார்.

"மச்சான், எனக்கு அந்த ரிலே சமாச்சாரம் வேணாம். மணல்ல பத்து தடவ நின்னு நின்னு எடுப்பேன், ஒவ்வொரு தடவையும் அமுக்கிக்கிட்டு இருக்க முடியாது. அந்த மஞ்ச லைட்டையும் மறைச்சு விடுங்க, கண்ண உறுத்துது."

"லைட்ட மறைச்சா கருவி வேலை செய்யுதா இல்லையான்னு எப்படி மாப்பிள்ளை தெரியும்?"

"அதான் நீங்க இப்போ படிச்சவராயிட்டீங்களே. ரெண்டு பக்கமும் லேபிள் எழுதி ஒட்டுங்க."

டிங்கர் தகரத்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, "பாத்து சார், பேனாவ எடுக்குறேன்னு பெருவிரல வெச்சுரப் போறாரு" என்றான். மாப்பிள்ளை கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆகவே நடந்ததற்குக் காரணமான மூன்றில் இரண்டை அவரே கேட்டு வாங்கினார். ரிலே வேண்டாம் என்றது அவர். விளக்கை மறைக்கச் சொன்னது அவர். மீட்டர் கண்ணாடிக்குப் பின்னால் நகக்கண் அளவு கறுப்பு டேப்பை ஒட்டினேன். என்னுடையது என்று பார்த்தால் லேபிள் மட்டும்தான்.

சனிக்கிழமை எழுதினேன். வெள்ளை ஸ்டிக்கரில் கறுப்பு மையால், ஸ்கேல் வைத்து மேலும் கீழும் கோடு இழுத்து, ஒன்றில் 'ரோடு' என்றும் ஒன்றில் 'மணல்' என்றும். நாலு ஸ்டிக்கர் வீணாயிற்று, ஐந்தாவது நன்றாக வந்தது. பிறகு கருவி உயிரோடு இருக்கிற பக்கத்தில் 'மணல்' ஒட்டினேன். அணைந்துபோகிற பக்கத்தில் 'ரோடு' ஒட்டினேன்.

கொலை என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கருவி இல்லாமல் எத்தனையோ வண்டிகள் ஓடுகின்றன. வண்டி புரள வேண்டுமானால் ஈர ரோடு வேண்டும், இறக்கத்தில் வளைவு வேண்டும், உயரமான வண்டி வேண்டும், வளைவுக்குள் யாராவது தப்பாக ஒன்று செய்ய வேண்டும். மாப்பிள்ளை வேகமாக ஓட்டுவார். ஒரு தடவை வண்டி அவர் கையை மீறிப் போகட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். யாராவது கேட்டால், எழுதத் தெரியாதவன் மாற்றி ஒட்டிவிட்டான் என்று விட்டுவிடுவார்கள் என்பதையும் யோசித்தேன். அந்த யோசனை அப்போது எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுக்கப் பட்டறைக்கு இருவரும் வந்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் வலது மணிக்கட்டில் கட்டு. முந்தின நாள் வண்டிக் கூரையில் மாட்டுகிற கம்பியைத் தூக்கும்போது பிசகிவிட்டதாம்.

"மணல்மேடு வரைக்கும் இவ ஓட்டட்டும் மச்சான். அங்க போய் நான் ஒரு கையாலயாவது ஓட்டிப் பாக்காம விட மாட்டேன்."

தங்கை ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியைத் திருப்பினாள், சீட்டை முன்னால் இழுத்தாள், நான் சொல்லிக் கொடுத்த வரிசை மாறாமல். பிறகு சுவிட்சைப் பார்த்தாள்.

"அண்ணே, நீயா எழுதுன?"

"ஆமா."

"அச்சடிச்ச மாதிரி இருக்கு. ஏங்க, பாத்தீங்களா எங்கண்ணன் எழுத்த?" மாப்பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அவள் என் பக்கம் குனிந்து, "இப்போ எந்தப் பக்கம்ணே வெக்கணும்?" என்றாள்.

இந்த இடத்தைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். நேற்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். மழை பெய்வது தெரிந்தது. அந்தப் பாதையில் இறக்கமும் வளைவும் இருப்பது தெரிந்தது. அவள் கால் வளைவில் எங்கே போகும் என்பது உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். சுவிட்சை மாற்றி வை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால், அண்ணன் மாற்றி ஒட்டிவிட்டான் என்று நினைத்திருப்பாள். மாப்பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்திருப்பார். எட்டு மாதம் பாடுபட்டவள், அவர் எதிரில் அவள் முகம் வாடியிருக்கும். அந்த வருத்தத்தை அவளுக்கு எப்படிக் கொடுப்பேன்?

"அதான் எழுதியிருக்குல்ல, படிச்சுப் பாத்து வெய்யி" என்றேன்.

அவள் சத்தமாகப் படித்தாள், எனக்குப் பாடம் எடுக்கும்போது படிப்பதுபோல. 'ரோடு' பக்கம் சுவிட்சைத் தள்ளினாள். கையசைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது வளைவு என்று சொன்னார்கள். உள்ளே போனபின் பிரேக்கை மிதித்திருக்கிறாள்.

மாப்பிள்ளைக்கு இடுப்பெலும்பும் ஒரு காலும் முறிந்தன. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என் மேலதான் தப்பு மச்சான். உங்களப் போய் எழுதச் சொன்னேன் பாருங்க. உங்களுக்கு என்ன தெரியும்? போலீஸ்கிட்ட சொல்லிட்டேன், அவரு எழுத்து தெரியாதவரு, மாத்தி ஒட்டிட்டாரு, ஒண்ணும் பண்ணாதீங்கன்னு. உங்கள விட்டுருவாங்க." பெண்டாட்டியைப் பறிகொடுத்துப் படுத்திருக்கிற மனிதர், அப்போதும் எனக்காக அவரே எழுதிவிட்டார்.

நேற்று உங்கள் அலுவலகத்தில் விசாரணை அறிக்கையைக் கொடுத்தார்கள். நான்கு பக்கம். எழுத்தர் படித்துக் காட்டுகிறேன் என்றார். நானே படித்தேன். மூன்றாம் பக்கத்தில், மேலிருந்து ஏழாவது வரி: "வயரிங் தொழிலாளிக்குப் போதிய எழுத்தறிவு இல்லாமையால் லேபிள்கள் தவறுதலாக இடம் மாறி ஒட்டப்பட்டுள்ளன." உள்நோக்கம் இல்லை, வழக்கு இல்லை, எச்சரித்து விடுவிக்கலாம் என்று அதன் கீழே இருந்தது. படித்து முடித்து நிமிர்ந்தபோது, எழுத்தர் மைப் பெட்டியைத் திறந்து என் பெருவிரல் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார்.

அதனால்தான் வெள்ளைத் தாள் கேட்டேன்.

எந்தப் பக்கம் எது என்று தெரிந்தே ஒட்டினேன். தெரிந்தே அவளைப் படிக்கச் சொன்னேன். அந்த லேபிளில் எழுத்து ஒன்றுகூடத் தப்பில்லை. வண்டி உங்கள் காவலில்தான் நிற்கிறது, யாரையாவது அனுப்பிப் பாருங்கள். அவள் ஒரு இடத்திலும் தடுமாறாமல் படித்தாள்.

எனக்கு என்ன தண்டனை என்பது உங்கள் பாடு, அதில் நான் தலையிடவில்லை. அந்த ஏழாவது வரியை மட்டும் அடித்துவிட்டுத் திரும்பக் கொடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.