நாலாவது கார்

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும், தினமும் இதே பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள். எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்தபடி மனைவி சொன்னாள்:

"வாங்கலாம்னு ஓட்டிப் பாத்த மூணு பழைய கார்லயும் வாந்தி எடுத்தாச்சு. நாலாவதைத்தான் வாங்கணும்."

"ஏட்டி, அது ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுன டீசல் வண்டி. மத்த மூணும் புதுசு மாதிரி இருந்துச்சு."

"அந்தப் புது வாடைதான் குடலைப் புரட்டிச்சு. நாலாவதுல தென்காசி வரைக்கும் போய்ப் பாத்தோம். எனக்கு ஒண்ணும் செய்யலையே!"

"புளியங்குடி எலுமிச்சை வியாபாரி வண்டி அது. மூட்டை மூட்டையா பழம் ஏத்திருக்காரு. அந்த வாசம்தான் உன்னையக் காப்பாத்திருக்கு."

"அதைத்தான் நானும் சொல்லுதேன். மைலேஜும் இருபது குடுக்குன்னு நீங்கதான சொன்னீங்க?"

கணவர் தலையாட்டினார்.

"சரி, சாயந்தரம் போவோம். வண்டியை நல்லா கழுவி வைக்கேன்னு வியாபாரி சொல்லியிருக்காரு."

மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கழுவவா? முதல்ல போனைப் போடுங்க!"

அவர் போட்டார். பஸ் முழுக்கக் கேட்டது:

"அண்ணாச்சி, வண்டியை நாங்களே எடுத்துக்கிடுதோம். தயவுசெஞ்சு கழுவிராதீங்க!"