குழாய்க்கு எதிரே இறங்கிய ஆள்

பெயர் ஹென்றி வாஸ். தகப்பனார் பெயர் மரியான் வாஸ். வயது 41. தொழில் சங்கு குளிப்பு. விலாசம் வேம்பார், கடற்கரைத் தெரு. 1974 மார்ச் மாதம் மாஜிஸ்திரேட் அவர்கள் முன் நான் சொல்வது.

தனராஜ் என் தங்கை பிளாரன்ஸின் புருஷன். எங்கள் வழக்கப்படி கடலுக்குள் முங்கிச் சங்கு குளிக்கிறவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும். தன் தங்கை தாலியறுக்க எவனும் கயிற்றை விடமாட்டான் என்பதே காரணம். போன வெள்ளிக்கிழமை காலை நாங்கள் இருவரும் வள்ளத்தில் போய், மந்திரி திறந்துவைத்த கெமிக்கல் கம்பெனியின் கழிவுக் குழாய்க்கு எதிரே நின்றோம். தண்ணீர் அரிசி கழுவியது போல் வெளுத்திருந்தது. ஒரு பறவை இல்லை. தனராஜ் ஒருமுறை இறங்கி ஏறி, "மச்சான், கீழ ஒரு மீன் இல்ல. ஒரு சத்தமும் இல்ல" என்றான். "போதும், ஏறுலே" என்றேன். கேட்காமல் மறுபடி இறங்கினான். அதன் பிறகு கயிறு அசையாததால் இழுத்தேன். கண் திறந்தபடியே வந்தான். மூச்சு இல்லை. இடுப்பு வலை நிறையச் சங்கு இருந்தது, ஒன்றிலும் உயிர் இல்லை.

அதன் பிறகு, யாரும் கூப்பிடாமலே கம்பெனி லாஞ்சு வந்து, ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி உடலை ஏற்றிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டதற்கு, அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். அதன் பிறகு தாலுகா ஆபீஸ், மீன்துறை ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் என்று அலைந்தேன். எங்கே போனாலும் கம்பெனி மேனேஜர் கிருபாநிதி எனக்கு முன்பே வந்து அதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அதிகாரி, "வாங்க ஹென்றி" என்றார். மூன்று இடத்திலும் மூன்று பேரும் ஒரே வார்த்தைகளைச் சொன்னார்கள்: "அன்னைக்கு அங்கன யாரும் குளிக்கல. தனராஜ் சிலோனுக்குப் போயிட்டான்." பீடி வாங்கவே என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறவன், தனியாகச் சிலோனுக்குப் போனானாம்.

உடல் இல்லாமல் அடக்கப் பூசை வைக்க முடியாது என்கிறார் பங்குச் சாமியார். பிளாரன்ஸ் என்னிடம், "அண்ணே, நான் வெள்ளச் சேல கட்டணுமா, அவுகளுக்குச் சோறு எடுத்து வைக்கணுமா?" என்று கேட்கிறாள்.

நேற்று கிருபாநிதி என் வீட்டுக்கு வந்து, "அவன் குளிச்சான்னு சொன்னீங்கன்னா, கயித்தப் பிடிச்ச நீங்கதான் கொலைகாரன் அண்ணாச்சி. குளிக்கலன்னு சொல்லுங்க, நிம்மதியா இருக்கலாம்" என்றார். நான் இரவெல்லாம் யோசித்தேன். மகராசன், அவரே வழி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

தனராஜ் குளித்தான். கயிற்றைப் பிடித்தவன் நான். அவனைக் கொன்றவன் நானென்றே எழுதிக்கொண்டு என்னை உள்ளே போடுங்கள். கொலைக் கேஸ் என்றால் கோர்ட்டில் பிரேதத்தைக் காட்டியாக வேண்டும் அல்லவா? காட்டட்டும்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாருக்கும் பயந்து சொன்னதல்ல.

(ஒப்பம்) ம. ஹென்றி வாஸ்